எங்கேன்னு கேக்கக் கூடாதாம்

ஹஜிமே... ம், அப்புறம்? மாஷிதே. ஹஜிமேமாஷிதே. பாதியிலயே நிறுத்திட்டா எப்படி சார், ரெண்டு மாடிக்கு நடுவுல நின்னுபோன லிஃப்ட் மாதிரி? லிஃப்ட் ரிப்பேர் உங்க தொழில், உங்களுக்குத் தெரியாததா. இன்னொரு தரம் சொல்லுங்க. வாயை நல்லாத் திறந்து.

ஆங், பரவாயில்ல. என் கடைக்குட்டி இதைவிட நல்லாச் சொல்லுவா. ஆனாலும் பரவாயில்ல.

ஐயோ, கதவைத் தட்டாதீங்க சார். மேனேஜர் வெளிய போயிருக்கார்னு அப்பவே சொன்னேனே. வந்துடுவார், எங்க போயிடப் போறார். சும்மா நிக்கிறதுக்கு இந்த விரிப்போட அந்தப் பக்கத்து ரெண்டு முனையைக் கொஞ்சம் பிடிங்களேன். எங்கூட மடிக்கிறவ இன்னிக்கு லீவு. ஒத்த ஆளா மடிச்சா பாதி விரிப்பு தரையைத் துடைக்குது. அந்தப் பேப்பரை இப்படிக் குடுங்க, நான் பத்திரமா வெக்கிறேன். பேனாவும்தான். ம், இப்ப இழுங்க. சார், விரிப்பை இழுங்க, என்னை இல்ல.

இதெல்லாம் எதுக்குன்னா கேக்குறீங்க? நல்லாக் கேட்டீங்க. மேல உங்கம்மா இருக்காங்க. கையெழுத்தைப் போட்டுட்டு அவங்களைப் பாக்காமலே கிளம்பிடலாம்னு உத்தேசமா? விரிப்புக்குப் பின்னாடி முகத்தை மறைச்சுக்கிட்டா எனக்குத் தெரியாதா.

போன தடவை நடந்தது எனக்குத் தெரியும் சார். அப்ப நான் அவங்க ரூம் ஜன்னலுக்குத் திரை மாட்டிக்கிட்டிருந்தேன். நீங்க என்னைக் கவனிச்சிருக்க மாட்டீங்க, திரை மாட்டுறவளை யாரு கவனிக்கிறா. அம்மா, நான்தாம்மா, என்னைத் தெரியலையான்னு நீங்க கேட்டீங்க. அவங்க முழிச்சாங்க. உடனே நீங்க அதையே இன்னும் சத்தமாக் கேட்டீங்க. அப்புறம் அதைவிடச் சத்தமா. காது கேக்காதவங்களுக்குத்தான் சத்தம் போடணும் சார். உங்கம்மாவுக்கு, நான் இந்தக் கோடியில ஒரு தட்டைக் கீழ போட்டா அந்தக் கோடியில தலை திரும்பும். அவங்ககிட்ட இல்லாமப் போனது காது இல்ல, தமிழ்.

அவங்க என்ன பண்ணினாங்க, ஞாபகம் இருக்கா? எழுந்து உங்களுக்குத் தன்னோட நாற்காலியைக் குடுத்துட்டு, சுவர் ஓரமாப் போய்க் கையைக் கட்டிக்கிட்டு நின்னாங்க. ஏதோ அதிகாரி விசாரிக்க வந்திருக்கார்னு நெனச்சுக்கிட்டாங்க. நீங்க போனப்புறமும் அந்த நாற்காலியில சாயங்காலம் வரைக்கும் உக்காரலை.

அட, முனையை விட்டுட்டீங்களே. பரவாயில்ல, குனிஞ்சு எடுங்க. குனியறதும் இன்னிக்குப் பாடத்துல உண்டு.

இந்த முதியோர் இல்லத்துக்கு வந்து சேந்த புதுசுல என்னா தமிழ் பேசினாங்க தெரியுமா? உங்கப்பா கப்பல்ல எஞ்சினியரா இருந்தப்ப ஜப்பான்லேர்ந்து கட்டிக்கிட்டு வந்தவங்கன்னு யாராவது சொன்னாத்தான் தெரியும். தலையணை உறையை இப்படியா மாட்டுறது, உன் வீட்டுல இப்படித்தான் மாட்டுவியான்னு என்னையே ஒரு பிடி பிடிச்சாங்க. எனக்கு அவ்வளவு கோபம், ஆனா கழட்டி மறுபடி மாட்டினேன். ஏன்னா அவங்க சொன்னது சரி. அப்புறம் போன வருஷம் ஒவ்வொரு சொல்லாக் காணாமப் போச்சு. முதல்ல காய்கறிப் பேரு, அப்புறம் கிழமை, அப்புறம் எங்க பேரு. சில பேருக்குப் பின்னால கத்துக்கிட்ட பாஷை முன்னால கிளம்பிடும், பொறந்த பாஷைதான் தங்கும்னு டாக்டர் சொன்னார். அம்பது வருஷத் தமிழ் சார். துடைச்ச மாதிரி போயிடுச்சு.

அந்தப் பாஷை உங்களுக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும். சின்ன வயசுல கத்துக்கலையா, கத்துக்க மாட்டேன்னுட்டீங்களா? சரி சரி, அது அப்புறம்.

நாங்க என்ன பண்றது சொல்லுங்க. குளிக்கக் கூப்பிட்டா வர மாட்டாங்க. சாப்பாட்டுத் தட்டை வெச்சா யாரு வெச்சதுன்னு பயம். தெனமும் நாங்க புது ஆளு அவங்களுக்கு. நேத்து தலை வாரிவிட்டவளே இன்னிக்கு யாரோ. சரி, தெனமும் புது ஆளுதானே, அப்போ தெனமும் புது ஆளு மாதிரியே போய் அறிமுகம் பண்ணிக்கிட்டா என்னன்னு எனக்குத் தோணுச்சு. போன்ல ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை ஒரு வகுப்பு நடக்குது. ஜப்பான் பாஷையில புதுசாப் பாக்குறவங்ககிட்ட சிநேகமாப் பேச்சை ஆரம்பிக்கிறது எப்படின்னு, பத்துப் பாடம். சேந்துட்டேன். நான் எட்டாவதோட நின்னவ சார், சிரிக்காதீங்க.

வீட்டுல கண்ணாடி முன்னாடி நின்னு ஹஜிமேமாஷிதேன்னு குனிவேன், நிமிருவேன். அப்படின்னா முதல் தடவையாச் சந்திக்கிறோம், சந்தோஷம்னு வெச்சுக்கங்க. எங்க வீட்டுக்காரருக்குக் காப்பி குடுக்கும்போதும் குனிஞ்சேன். அவர் நேரா என் நாத்தனாருக்குப் போன் பண்ணி, உன் அண்ணிக்கு இடுப்புல ஏதோ பிடிச்சிருக்கு, நல்ல வைத்தியர் யாராவது தெரியுமான்னு கேட்டிருக்கார். அவ எண்ணெய் பாட்டிலோட வந்து நிக்கிறா.

மொத நாள் போய்ச் சொன்னேன். உங்கம்மா அப்படியே நிமிந்து பாத்தாங்க. எழுந்தாங்க. பதிலுக்கு எனக்குக் குனிஞ்சாங்க பாருங்க, நான் நூறு தரம் பழகியும் அந்த மாதிரி வராது. எனக்கு அடுத்து என்ன சொல்றதுன்னு மறந்து போச்சு. ரெண்டாவது பாடம் வானிலை. ஈ ஒதெங்கி தெஸ் நே. நல்ல வெயில் நாளா இருக்கு இல்லேன்னு அர்த்தம். சொல்லிட்டேன். வெளிய மழை கொட்டுது சார். ஜன்னல் கம்பி வழியாத் தண்ணி ஒழுகுது. எனக்குத் தெரிஞ்சது அந்த ஒரு வானிலைதானே, நான் என்ன பண்ணுவேன்.

அவங்க ஜன்னலைப் பாத்தாங்க. என்னைப் பாத்தாங்க. திரும்ப ஜன்னலைப் பாத்தாங்க. அப்புறம் வாயைக் கையால பொத்திக்கிட்டுச் சிரிச்சாங்க பாருங்க, தோள் ரெண்டும் குலுங்குது. அஞ்சு மாசத்துல நான் பாத்த மொதச் சிரிப்பு. அன்னிக்குக் குளிக்க வந்தாங்க.

நீங்களும் சிரிக்கலாம், தப்பில்ல. ம், அடுத்த விரிப்பு. இது பெரிசு, ரெண்டு எட்டு பின்னாடி போங்க.

மூணாவது பாடம், அவங்ககிட்ட இருக்கிற ஏதாவது ஒண்ணைப் பாராட்டணும். உங்கம்மா கையில எப்பவும் ஒரு பழுப்புக் கைப்பை இருக்குமே, அதைக் காட்டி ஸ்தெகி தெஸ் நே, அழகா இருக்குன்னேன். அவங்க உடனே மூக்குக்கு முன்னாடி கையை இப்படி இப்படி ஆட்டினாங்க. ஐயையோ, நாத்தம் போலிருக்குன்னு நான் ஓடிப் போய்க் கழிவறைக் கதவை மூடினேன். திரும்பி வந்து மறுபடி அழகா இருக்குன்னேன். மறுபடி கையை ஆட்டினாங்க. குப்பைக் கூடையை எடுத்து வெளிய வெச்சேன். மூணாவது தரம் சொன்னதுக்கும் ஆட்டினாங்க, நான் கட்டிலுக்கு அடியில புகுந்து தேடுறேன் சார், எலி ஏதாவது செத்துக் கிடக்கான்னு. ஞாயித்துக்கிழமை வாத்தியாரம்மாகிட்ட கேட்டா, அது நாத்தமில்லையாம். பாராட்டினா அவங்க ஊர்ல பெரியவங்க அப்படித்தான் கையாட்டுவாங்களாம், சேச்சே அதெல்லாம் ஒண்ணுமில்லைன்னு. நல்லவேளை, நான் பாராட்டப் பாராட்ட அந்த ரூம் சுத்தமாச்சு.

யாரு தும்மினது? அது... பக்கத்து ரூம்ல யாரோ. ஆபீஸ்ல யாருமில்ல சார், பூட்டியிருக்கு. நீங்க முனையைப் பாருங்க.

மணியா? ரெண்டே முக்கால் ஆகப்போகுது. இருங்களேன். லிஃப்ட் ஏதாவது நின்னுட்டா உங்களுக்குப் போன் வரும்தானே? வரலைன்னா எல்லாம் ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம்.

ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காதீங்க. உள்ள மாட்டிக்கிட்டவங்களைக் கதவைத் திறந்து வெளிய கொண்டு வர்றதுதானே உங்க வேலை? முப்பது வருஷமா அதைத்தான் பண்றதா உங்கம்மாவோட பழைய பைலுல எழுதியிருக்கு. அப்படிப்பட்டவர் கையில இந்தப் பேப்பரைப் பாத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. மூணாவது மாடிக்கு மாத்தச் சம்மதம்னு எழுதியிருக்கு. அந்த மாடிக் கதவு உள்ளேர்ந்து திறக்காது சார். நான் அங்க ஒரு மாசம் வேலை பாத்திருக்கேன். ஜன்னல்கூட ஒரு சாண்தான் திறக்கும்.

இல்ல, மேனேஜர் மேல தப்புச் சொல்லலை. போன மாசம் கீழ் அறைப் பெரியவர் ஒருத்தர் கேட்டைத் தாண்டி ரோட்டுக்கே போயிட்டார். லாரிக்காரன் பிரேக் போட்டதால பொழைச்சார். அப்புறம்தான், யாரு தனியாக் கேட்டுப் பக்கம் போறாங்களோ அவங்களையெல்லாம் மேல மாத்தணும்னு விதி வந்துச்சு. உங்கம்மா தெனம் மூணு மணிக்குக் கைப்பையை மாட்டிக்கிட்டுக் கேட்டுப் பக்கம் போறாங்க. அதனால இங்க அவங்களுக்கு மூணு மணியம்மான்னுதான் பேரு. உங்களுக்கு வந்த கடுதாசியில என்ன எழுதியிருந்துச்சு? தப்பிச்சுப் போக முயற்சி பண்றாங்கன்னா? ம். எழுதுறவங்க ரூம் ஜன்னல்லேர்ந்து பாத்தா அப்படித்தான் தெரியும். உங்களையும் நான் குத்தம் சொல்லலை. லாரி, ரோடுன்னு படிச்சா யாருக்குத்தான் பகீர்னு இருக்காது.

ஆனா நான் ஏழாவது பாடம் படிச்சிருக்கேன்.

வெளிய கிளம்புறவங்களை வழியில பாத்தா என்ன கேக்கணும்னு அந்தப் பாடம். ஒதேகாகே தெஸ் கா. வெளிய கிளம்பிட்டீங்களா? அதுக்கு அவங்க, ச்சொத்தோ ஸோகோ மாதே, சும்மா இங்க பக்கத்துலதான்னு சொல்லுவாங்க. உடனே நாம இத்தெராஷ்ஷாய், போயிட்டு வாங்கன்னு அனுப்பி வெச்சுடணும். அதைக் கேட்டதும் எனக்கு அவ்வளவு சந்தோஷம் சார். போங்கன்னு சொல்ல மாட்டாங்களாம், நம்மள மாதிரியே போயிட்டு வாங்கன்னுதானாம். ஆனா ஒண்ணு, வாத்தியாரம்மா கண்டிப்பாச் சொல்லிட்டாங்க. எங்கேன்னு மட்டும் கேக்கக் கூடாது. அது கேள்வியே இல்ல, வெறும் மரியாதை. இங்க பக்கத்துலன்னு சொன்னா அதோட விட்டுடணும். நோண்டினா அநாகரிகமாம்.

நம்மளால ஆகுற காரியமா அது? நீங்களே சொல்லுங்க. பக்கத்துலதான்னு ஒருத்தர் சொன்னா, பக்கத்துலன்னா எங்க, யாரு வீட்டுக்கு, எப்ப திரும்புவீங்க, குடை எடுத்துக்கிட்டீங்களான்னு கேக்காம நம்ம யாரு விட்டிருக்கோம்? நானும் அடக்கிக்கிட்டுத்தான் இருந்தேன். பத்து நாள் மரியாதையா இத்தெராஷ்ஷாய் சொன்னேன். பதினோராவது நாள் வாய் நிக்கலை. தோகோ மாதேன்னு கேட்டுட்டேன். எங்க வரைக்கும்?

கேட்டதும் நாக்கைக் கடிச்சுக்கிட்டேன். ஆனா அவங்க கோவிச்சுக்கலை. யாராவது கேக்க மாட்டாங்களான்னு இருந்தவங்க மாதிரி நின்னு பேச ஆரம்பிச்சாங்க. ரொம்ப நேரம். எனக்கு ஒரு வார்த்தை புரியலை. போனை எடுத்துப் பதிவு மட்டும் பண்ணிக்கிட்டேன். பேசிட்டு நடக்க ஆரம்பிச்சாங்க, நானும் பின்னாடியே போனேன்.

உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும் சார். அவங்க கேட்டுக்குப் போகலை. கேட்டுக்குப் பத்தடி முன்னாடி நம்ம தபால் பெட்டி இருக்குல்ல, செவப்புல, அங்க நின்னுட்டாங்க. அன்னிக்குப் பால் வண்டி வர்றதுக்காகக் கேட் ரெண்டு பக்கமும் விரியத் திறந்து கிடக்கு. காவலாளிகூட இல்ல. தப்பிச்சுப் போறவங்களுக்கு அதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? ஆனா ஒரு அடி தாண்டலை. தபால் பெட்டிக்குப் பின்னாடி, பாதி உடம்பு மறையிற மாதிரி நின்னுக்கிட்டு, எட்டி எட்டிப் பாத்தாங்க. அரை மணி. அப்புறம் தானாத் திரும்பி வந்தாங்க. அடுத்த நாளும் அதே தபால் பெட்டி. அதுக்கடுத்த நாளும்.

ஞாயித்துக்கிழமை அந்தப் பதிவைப் போட்டுக் காட்டினேன். வாத்தியாரம்மா ஒரு தரம் கேட்டாங்க. இன்னொரு தரம் கேட்டாங்க. வகுப்புல பதினாலு பேர் இருக்கோம், எல்லாரையும் இருக்கச் சொல்லிட்டு மூணாவது தரம் கேட்டாங்க. அப்புறம் எனக்குத் தமிழ்ல சொன்னாங்க.

பள்ளிக்கூடத்துக்குப் போறாங்களாம். மூணேகாலுக்கு விடுவாங்களாம். பையன் ரெண்டாம் வகுப்பாம். காலையில வெயிலப் பாத்துட்டுக் குடை வேண்டாம்னு போயிட்டானாம், சாயங்காலம் மழை வருமாம். ஆனா வாசல் வரைக்கும் போக மாட்டேன், அவனுக்குக் கூச்சம், அம்மா வாசலுக்கு வராதே, பசங்க கேலி பண்றாங்க, முனையிலயே நில்லுன்னு சொல்லியிருக்கான், அதனால இந்த முனையிலயே நிக்கிறேன்னு சொன்னாங்களாம். அதுல அவங்களுக்கு வருத்தம்கூட இல்லையாம் சார். சிரிச்சுக்கிட்டேதான் சொல்றாங்களாம். கெட்டிக்காரப் பையன், கொஞ்சம் கூச்ச சுபாவம், அவ்வளவுதான்னு.

உங்களுக்குக் கூடப் பொறந்தவங்க யாராவது இருக்காங்களா சார்? இல்லையா. அதான் நானும் பைலுல பாத்தேன்.

விரிப்பைக் கீழ வெச்சுடுங்க. பரவாயில்ல, நான் மடிச்சுக்கிறேன். உக்காருங்க. ஏழு வயசுப் பையன் என்னத்தக் கண்டான், விடுங்க. என் மூத்தவன் என்னைப் பள்ளிக்கூடத்துல பாத்துட்டு, இவங்க எங்க பக்கத்து வீட்டு அக்கான்னு டீச்சர்கிட்ட சொன்னவன். அக்கான்னு சொன்னானேன்னு நான் சந்தோஷப்பட்டுக்கிட்டேன்.

முகத்தைத் துடைச்சுக்கங்க. இந்தாங்க துவாலை, இப்பத்தான் காஞ்சது. மணி மூணாகுது, அந்தா செருப்புச் சத்தம் கேக்குது பாருங்க. படியில ஒவ்வொண்ணா இறங்குவாங்க.

அப்புறம், மேனேஜர் எங்கயும் போகலை சார். உள்ளதான் இருக்கார். மூணு மணி வரைக்கும் கதவைத் திறக்காதீங்க, அதுக்குள்ள நான் இவர்கிட்டப் பேசிப் பாக்குறேன்னு கேட்டுக்கிட்டேன். சரின்னார், பாவம், தும்மலைத்தான் அவரால அடக்க முடியலை. கூட யாராவது ஒருத்தர் போனா அது விதிக்குள்ள வராதாம், அவரே சொன்னார். தெனமும் அரை மணி நான் போவேன். ஆனா அவங்க வீட்டு ஆள் வாயால சரின்னு சொல்லணுமாம். உங்க பேப்பர் அந்த விரிப்பு அடுக்குக்கு அடியில இருக்கு. பேனாவும் இருக்கு. திரும்பி வந்து வேணும்னா எடுத்துக்கங்க, நான் தடுக்க மாட்டேன்.

எழுந்திரிங்க. அம்மான்னு கூப்பிட்டுடாதீங்க, இன்னிக்கு நீங்க புது ஆளு. ஹஜிமேமாஷிதே சொல்லிக் குனியணும். நல்லாவே சொன்னீங்க, கடைக்குட்டின்னெல்லாம் நான் சும்மா வம்புக்குச் சொன்னேன். அப்புறம் ஒதேகாகே தெஸ் கா. அவங்க இங்க பக்கத்துலதான்னு சொல்லுவாங்க. வாத்தியாரம்மா கிடக்கட்டும், நீங்க எங்கேன்னு கேளுங்க. தோகோ மாதே. புரியலைன்னாலும் கேட்டுக்கிட்டே நடங்க. அவங்க கையில ரெண்டு குடை இருக்கும். ஒண்ணு பெரிசு. இன்னொண்ணு சின்னது, கைப்பிடியில நீல நூல் சுத்தினது. ஞாபகம் வருதா? வெயில் அடிக்குதேன்னு சொல்லிடாதீங்க.

தபால் பெட்டிக்கிட்ட அவங்க நின்னுடுவாங்க. அங்க பத்தாவது பாடம். இஷ்ஷோ நி இகிமாஷோ. சேந்து போகலாம் வாங்க. அதை மட்டும் மறந்துடாதீங்க சார். அவங்களை நிக்கச் சொன்னவர் சொன்னாத்தான் செல்லும். வார்த்தை வரலைன்னா கையை நீட்டுங்க, போதும். இன்னிக்கு வாசல் வரைக்கும் கூட்டிக்கிட்டுப் போங்க.

வந்துட்டாங்க. சட்டையை இழுத்துவிட்டுக்கங்க.

ம். ரெண்டு பேரும் போயிட்டு வாங்க.